ஊசி கோர்க்கும் வெளிச்சம்

“மறுபடியும் நெத்தியில வாங்கிட்டியா?” என்றார் எலக்ட்ரீஷியன், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“இல்லையே,” என்றாள் மனைவி, முன்முடியை இழுத்துப் புருவத்தின் மேல் விட்டுக்கொண்டு.

“பொய் சொல்ற வாய்க்கு மேலயே செக்கச் செவேல்னு இருக்கு. லைட்ட அணைச்சிட்டு நூல் கோருன்னு எத்தனை தடவ சொல்றது?”

“அணைச்சா ஊசிக்காது எப்படித் தெரியும்? சொல்லுங்க, ஊருக்கெல்லாம் லைட் போடுறவரே.”

அவளுடைய தையல் மெஷின் அவர்கள் இருவரையும்விட மூத்தது. ஊசிக்குப் பக்கத்தில் தகரக் குல்லா போட்ட குண்டு பல்பு ஒன்று தொங்கும். ஒரு மணி நேரம் எரிந்தால் தோசைக்கல்லாகக் காயும். அவளுக்கோ வலது கண் மங்கல். இடது கண்ணை ஊசிக்கு நேரே கொண்டுபோனால் நெற்றி பல்பில் போய் முட்டும். வாரத்துக்கு ஒரு சூடு, பழகிவிட்டது.

இன்றைக்குச் சண்டை போட நேரமில்லை. ஆறு மணிக்கு நாத்தனார் மேடையேறிப் பாடப் போகிறாள், ஐம்பது வயதில், முதல் தடவையாக. அவளுடைய கரும்பச்சை ஷிஃபான் கவுன்தான் மெஷினில் கிடந்தது. முழுநீள ஸ்லீவ் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்; கை நடுங்கினால் சபைக்குத் தெரியக் கூடாதாம். அடுத்த அறையில் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்லீவின் ஓரத்தை மடித்து அடிக்கும்போது நூல் அறுந்தது. மனைவி மறுபடி கோர்க்கக் குனிந்தாள். சுரீர்! தலையை வெடுக்கென்று இழுத்ததில், பிடித்திருந்த துணி எகிறிப் பல்பின்மேல் விழுந்தது. எடுப்பதற்குள் நாற்றம் வந்துவிட்டது. ஓரத்துக்கு நாலு விரல் மேலே, பொத்தான் அளவுக்கு ஓட்டை.

“ஐயையோ!”

“கத்தாதீங்க, பாட்டு நின்னுடும்.”

“ஒட்டுப் போட முடியாதா?”

“ஷிஃபான்லயா? பார்க்கிறவங்க பாட்டையா கேட்பாங்க?”

கவுனை மடியில் போட்டுக்கொண்டு, ஓட்டையிலிருந்து முழங்கைவரை விரலால் அளந்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, இரண்டு ஸ்லீவையும் முழங்கையோடு வெட்டினாள்.

“லைட்ட அணைங்க. வேலைக்குக் கொண்டுபோற டார்ச்ச எடுத்துட்டு வாங்க.”

அவர் எதிரே குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தார்.

“ஊசிக்குக் காட்டுங்க. என் மூக்குல எதுக்கு அடிக்கிறீங்க?”

“கல்யாணத்துக்கப்புறம் இன்னைக்குத்தான் நல்லாப் பார்க்கிறேன்.”

“பார்த்தது போதும், கீழ இறக்குங்க.”

எதிரிலிருந்து வந்த வெளிச்சத்தில் ஊசிக்காது பளிச்சென்று தெரிய, தலையைப் பல்பருகே கொண்டுபோகாமலே முதல் தடவையில் நூல் உள்ளே போனது. சூடும் இல்லை, சுரீரும் இல்லை. பல்பை மறுபடி போட்டுவிட்டு ஒரே மூச்சில் அடித்து முடித்தாள்.

ஐந்து மணிக்கு நாத்தனார் கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். முகம் வாடிப்போனது.

“அண்ணி, முழுசா கேட்டேனே.”

ஏதாவது புதுப் பாணி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரவில்லை. “பல்புல சுட்டுட்டேன்மா. என் தப்புதான்.”

நாத்தனார் அவளுடைய நெற்றியைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்து, உச்சஸ்தாயிக்குப் போகிறவளைப் போல ஒரு கையைத் தூக்கினாள். துணி எங்கும் இழுக்கவில்லை.

“காலையில பாடிப் பார்த்தப்போ பழைய முழுக்கைச் சட்டை முழங்கையில பிடிச்சு இழுத்துச்சு அண்ணி. இது காத்தாட இருக்கு.”

“நடுங்கினா தெரியுமே?”

“தெரியட்டும். பயந்துக்கிட்டே நல்லாப் பாடினான்னு சொல்லிட்டுப் போகட்டும்.” செருப்பு மாட்ட வாசலுக்குப் போனாள்.

அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எலக்ட்ரீஷியனுக்கு ரோஷம் வந்தது. “இந்தச் சனியன இப்பவே கழட்டுறேன்,” என்று எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு, பல்பை லபக்கென்று பிடித்தார்.

அவர் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது.

“அண்ணனுக்கு என்ன ஆச்சு?” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்ல, சுதி பிடிக்கிறாரு! நீ கிளம்பு, பின்னாடியே வர்றோம்,” என்றாள் அவள், கணவரின் விரல்களைக் குழாயடியில் பிடித்துச் சிரித்தபடி.