எழுதாமல் விட்ட மாத்தே

மோந்தெவிடேயோ துறைமுகத்திலிருந்து புறநகர்வரை நெலிடா ஓட்டும் பஸ் ஒரு மணி நேரம் போகும். நடுவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓட அனுமதி கிடையாது. ஆனால் அவள் வயிறு யாரிடமாவது அனுமதி கேட்கிற ரகமா? நான்கு வருஷமாக இதே கூத்துதான். காலையில் குடைய ஆரம்பித்தால் ஐந்தே நிமிஷத்தில் கழிப்பறை வேண்டும். மூன்று முறை பயணிகளை நடுவழியில் உட்காரவைத்துவிட்டு ஏதோ ஒரு கடைக்குள் ஓடியிருக்கிறாள். மூன்று முறையும் டயரைப் பார்க்கப் போனேன் என்று பொய். டிப்போ மேலாளர் பெரேரா பொறுமையிழந்துவிட்டார்.

"இன்னொரு தடவை நடந்துச்சு, ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பஸ் கழுவத்தான் போகணும்."

பதினோரு வருஷம் வண்டி ஓட்டிய கை, கழுவப் போவதாவது! நெலிடா அன்றைக்கே டாக்டர் மிர்த்தாவிடம் போய் நின்றாள். எல்லாப் பரிசோதனையும் நடந்தது.

"புண்ணும் இல்ல, கட்டியும் இல்ல. உன் குடல் ரொம்ப ரோஷக்காரக் குடல், அவ்வளவுதான். எரிச்சல் குடல் நோய்னு பேரு. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம். எது கிளப்பிவிடுதுன்னு தெரியணும். ஆறு வாரம் வாயில போறதையெல்லாம் எழுது."

எழுதினாள். பாலை விட்டாள், வெங்காயத்தை விட்டாள், ஞாயிற்றுக்கிழமைச் சுட்ட இறைச்சியைக்கூட மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டாள். அப்படியும் காலை வேளை மட்டும் அடங்கவில்லை.

"காப்பி?" என்றார் டாக்டர், நோட்டைப் புரட்டியபடி.

"வாசமே ஆகாது."

"டீ?"

"காய்ச்சல் வந்தாத்தான்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, மேஜைமேலிருந்த சுரைக்குடுவையில் இருந்த காய்ந்த இலைத்தூள்மேல் வெந்நீரை ஊற்றி நீட்டினார். நெலிடா வாங்கி அதில் செருகியிருந்த குழலில் உறிஞ்சினாள். டாக்டரின் கை அப்படியே நின்றது.

"இதை எழுதினியா?"

"எதை?"

"இப்ப உறிஞ்சுறியே, அதை!"

"இது மாத்தே, டாக்டர். ஊரே தண்ணி மாதிரி குடிக்கிறது. இதையெல்லாமா எழுதுவாங்க?"

"எவ்வளவு குடிப்ப?"

"விடியக்காலைல வெறும் வயித்துல ஒரு பிளாஸ்க். டிப்போவுல இன்னொண்ணு."

"அட கடவுளே! காப்பியில இருக்கிற சமாச்சாரம்தான் இதுலயும் இருக்கு. நானும் கேக்கல பாரு."

விட்டாள். முதல் வாரம் மண்டை வெடித்தது, பார்த்தவரிடமெல்லாம் எரிந்து விழுந்தாள். இரண்டாம் வாரம் காலைகள் பெரும்பாலும் அடங்கின. அவசரத்துக்கு டாக்டர் தந்த மாத்திரை பையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை அவள் ஓட்டுவதைப் பார்க்கப் பெரேராவே பஸ்ஸில் வரப்போவதாகச் செய்தி வந்தது. அன்று காலை டிப்போ பெஞ்சில் வழக்கம்போல ஒரே மாத்தே குடுவை கைமாறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் வால்தெமார் அவளிடம் நீட்டினான்.

"வேணாம்பா."

"ரெண்டு வாரமா வேணாம் வேணாம்ங்கிற. எங்க எச்சில் கசக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாய் குடித்தால் பேச்சு முடிந்துவிடும். நெலிடாவின் கைகூட நீண்டுவிட்டது. சட்டென்று எழுந்து நின்றாள்.

"எனக்கு வயிறு போகுதுடா. நாலு வருஷமா. டயரும் பாக்கல, மண்ணும் பாக்கல, கக்கூசுக்குத்தான் ஓடுனேன். குடல்ல வியாதி. இதைக் குடிச்சா மறுபடி ஓடணும். எனக்கு வண்டி வேணும்!"

வால்தெமார் குடுவையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். வாசலில் நின்ற பெரேராவும் கேட்டுவிட்டார். நேரே பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

பாதி வழியில் அடிவயிறு லேசாக முறுக்கியது. நெலிடாவுக்கு வியர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை நிதானமாக இழுத்து விட்டாள். முறுக்கு மெல்ல விட்டது. கடைசி நிறுத்தத்தில் ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லாமல் வண்டியை நிறுத்தினாள்.

பயணிகள் இறங்கிய பிறகு பெரேரா கேட்டார்: "ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சிரிச்சிருப்பீங்க, சார்."



"சிரிச்சிருப்பேன்தான்," என்றார். "பாதி வழியில, கக்கூஸ் இருக்கிற இடத்துல மூணு நிமிஷம் நிறுத்தம் போட்டுத் தரேன். உன் பேரு வெளிய வராது."

"பேரு வந்தா வரட்டும், சார். எல்லா டிரைவருக்கும் போடுங்க."