கையைக் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, பாலாற்றில் வழக்கம்போல் தண்ணீர் இல்லாத ஒரு மாதத்தில், வேலூர்க் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த ஒரு மிஷன் பள்ளியின் மாடியறையில், மனிதகுலம் அதுவரை கண்டிராத ஒரு வீடியோ விளையாட்டு பிறந்தது. மனிதகுலம் அந்நேரம் கீழே மதிய உணவுக்கு வரிசையில் நின்றிருந்ததால் கவனிக்கவில்லை.

பெற்றெடுத்தவர் தேவானந்தம். கணக்கு வாத்தியார். அதுவும், பிரசவத்துக்குப் போயிருந்த விஜயகுமாரி டீச்சரின் இடத்தில் தற்காலிகமாக. டீச்சர் கைக்குழந்தையோடு திரும்பினால் இவர் கைப்பெட்டியோடு ஆம்பூருக்குத் திரும்பவேண்டியதுதான். சத்துவாச்சாரியில் இன்பம் என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். 'வேலை பர்மனென்ட் ஆவட்டும், பேசலாம்' என்று வெறும் காப்பியோடு அனுப்பிவிட்டார்கள்.

கம்ப்யூட்டரைக் கொடுத்தவர் ஆம்பூர் ஷூ முதலாளி ரஃபி அகமது. ஜெர்மனியில் தோல் கண்காட்சிக்குப் போனவர், பிள்ளைகள் படித்த பள்ளியாயிற்றே என்று வாங்கி வந்து தந்தார். அதைத் திரைக்காக டிவியோடு ஒரு பக்கமும், எழுதியதைக் கேசட்டில் சேமிக்க டேப் ரிக்கார்டரோடு மறுபக்கமும் கோக்க வேண்டும். கூடவே வந்த புத்தகத்தை முழுக்கப் படித்தவர் தேவானந்தம் ஒருவரே என்பதால் பள்ளியின் விஞ்ஞானியும் அவரே ஆனார்.

பள்ளியை நிர்வகிக்கும் கரஸ்பாண்டென்ட் சத்தியநாதன் ஐயா கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, நம்ம எக்ஸிபிஷன் அன்னிக்கு இந்த மிஷின்ல ஒரு கேம் பண்ணிக் காட்டுங்க. நல்லா வந்திச்சின்னா கம்ப்யூட்டருக்குன்னே ஒரு போஸ்ட் போட்டு உங்கள பர்மனென்ட் பண்ணிட்றேன். மொதல்ல நாந்தான் ஆடுவேன். ரஃபி பாய் முன்னால என் மானம் போவக்கூடாது, ஆமாம்."

வேறொருவராக இருந்தால் பந்தை அங்கே இங்கே ஓடவிட்டு, ஐயாவை ஜெயிக்கவைத்து, பெண்ணைக் கட்டியிருப்பார். தேவானந்தமோ கலைஞர். விளையாட்டு என்றால் சுடுவது, குதிப்பது என்று உலகமே எதிர்பார்க்கிறதா? அந்த எதிர்பார்ப்பைத் தலைகீழாகப் புரட்டாமல் விடுவதில்லை என்று சபதம் எடுத்தார். சர்ச் பாடகர் குழுவின் கீர்த்தனைக் கேசட் ஒன்றின்மேல் அப்படியொரு விளையாட்டை எழுதிப் பதிவும் செய்துவிட்டார்.

சோதனைக்கு ஆடிப் பார்த்தவர் சயின்ஸ் எடுக்கும் ஜெயபுஷ்பம் டீச்சர். திரையில் தோல் பதனிடும் சுண்ணாம்புத் தொட்டி ஒன்று. அதில் ஒரு தோல் ஊறிக்கொண்டிருந்தது. காக்கா ஒன்று கொத்த வந்தது. டீச்சர் ஒரு விசையைத் தட்டினார். காக்கா பறக்கவில்லை, தோலில் ஓட்டை விழுந்தது. நாய் வந்தது. டீச்சர் பத்து விரலாலும் தட்டினார். தோல் கொசுவலை ஆகி, 'தோல்வி' என்று எழுத்து வந்து நின்றது.

"இன்னா சார் இது? எதைத் தட்டினாலும் ஓட்டை வுழுது?"

"அதான் டீச்சர் விஷயமே! எதையும் தட்டக்கூடாது. கையக் கட்டிக்கினு சும்மா இருந்தா காக்காவும் நாயும் தானாப் போயிடும். தோல் பதமாயிடும். வெற்றி!"

"சும்மா இருந்தா ஜெயிக்கறதா? அப்ப நம்ம ஹெட்மாஸ்டர்தான் சாம்பியன்." சிரித்த டீச்சர் சட்டென்று நிறுத்தினார். "சார், ஆடப்போறது ஹெட்மாஸ்டர் இல்லியே. கரஸ்பாண்டென்ட் ஆச்சே."

தேவானந்தத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியநாதன் ஐயாவுக்குக் கண்ணில் பட்ட விசையையெல்லாம் அமுக்கியாக வேண்டும். ஆபீசுக்கு வந்த புது மின்விசிறியைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்தே எரித்தவர். ஐம்பது விசைக்கு நடுவே அவரை உட்காரவைப்பதும் கரும்புத் தோட்டத்தில் யானையை உட்காரவைப்பதும் ஒன்று.

"பேசாம எதைத் தட்டினாலும் ஜெயிக்கற மாதிரி மாத்திடுங்க சார்."

"கலைன்னா கலைதான் டீச்சர். விட்டுக்குடுக்க மாட்டேன்."

கண்காட்சி நாள் காலையில் விட்டுக்கொடுத்தார். கலையைவிட இன்பம் அழகு. மாற்றி எழுத உட்கார்ந்தார். பாதி எழுதும்போது கரண்ட் போய்விட்டது. எழுதிய பாதியும் அதோடு போயிற்று. கரண்ட் திரும்பியபோது மாடிப்படியில் ஐயாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கைவசம் இருந்தது கேசட்டிலிருந்த பழைய விளையாட்டுதான். டேப் ரிக்கார்டர் கீச்கீச்சென்று அதை ஏற்றி முடிப்பதற்கும் ஐயா ரிப்பன் வெட்டி முடிப்பதற்கும் சரியாக இருந்தது.

ஐயா நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்தில் ரஃபி அகமது, பின்னால் பெற்றோர் கூட்டம். தேவானந்தம் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொட்டி வந்தது, தோல் வந்தது. ஐயாவின் ஆள்காட்டி விரல் உயர்ந்தது.

"ஐயா... கொஞ்சம்..."

"இன்னா தம்பி?"

ஊர் கூடியிருக்கும்போது கரஸ்பாண்டென்ட்டைப் பார்த்து 'கையை வைக்காதே' என்று எந்தத் தற்காலிக வாத்தியார் சொல்வார்?

"ஒண்ணுமில்ல ஐயா."

விரல் இறங்கியது. விசைக்கு ஒரு நூல் மேலே நின்றது.

"அடடா! ஜெபம் பண்ணாமத் தொடலாமா?"

அந்தப் பள்ளியில் குழாயைத் திறந்தாலும், கழிப்பறைக்குக் கதவு மாட்டினாலும் ஜெபம் உண்டு. ஐயா கையைக் கூப்பினார். கூட்டம் கண்ணை மூடியது. ரஃபி அகமதும் மரியாதைக்குத் தலை குனிந்தார். தேவானந்தம் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

கம்ப்யூட்டருக்காக ஜெபித்தார் ஐயா. அதை விற்ற ஜெர்மனிக்காக ஜெபித்தார். தோல் வியாபாரத்துக்கு வந்தபோது காக்கா வந்தது. சும்மா பார்த்துவிட்டுப் பறந்தது. பாலாற்றில் தண்ணீர் கேட்டார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை வார்டு வார்டாக நினைவுகூர்ந்தார். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட மைத்துனருக்கு வந்தபோது நாய் வந்தது. உருக்கத்தில் ஐயாவின் கூப்பிய கை விசைப்பலகையை நோக்கித் தாழ்ந்தது. தேவானந்தமும் ஜெபித்தார், சுருக்கமாக. மைத்துனரின் இடுப்பு நேரானது, கை மேலே போயிற்று, நாயும் போயிற்று.

"...ஆமென்."

பீப் என்றது டிவி. ஐயா கண்ணைத் திறந்தார். எதிரே 'வெற்றி' என்று மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா! நான் தொடவே இல்ல! ஜெபத்துக்கே ஜெயம்!"

கூட்டம் கைதட்டியது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தோலும் அப்படித்தான் சார். தொட்டியில போட்டா நோண்டக் கூடாது," என்றார் ரஃபி அகமது. தம் படைப்பின் ஒரே ரசிகரைத் தேவானந்தம் நன்றியோடு திரும்பிப் பார்த்தார். ரசிகர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதான் கேமோட டிசைனுன்னு சொல்லிடுங்க சார்," என்று காதில் கிசுகிசுத்தார் ஜெயபுஷ்பம் டீச்சர்.

"சொல்லலாம் டீச்சர். ஆனா பர்மனென்ட்?"

தேவானந்தம் படி இறங்கி, குழாயடியில் முகம் கழுவி, வயிறு நிறையத் தண்ணீர் குடித்தார். தன் படைப்பு யாருக்கும் புரியவில்லை என்று எந்தக் கலைஞனும் இவ்வளவு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கமாட்டான்.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது, வேலை நிரந்தரம். சத்துவாச்சாரியில் இம்முறை காப்பியோடு கேசரியும் கொடுத்தார்கள்.

உத்தரவில் பாடம் என்ற இடத்தில் 'வேதபாடம்' என்றிருந்தது. கம்ப்யூட்டரை அதற்குப்பிறகு யாரும் போடவில்லை.