இரண்டு விரல் சாய்வு

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில், ஜெயராமனின் கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன்கண்ணாடிச் சட்டத்தை அன்புச்செல்வன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. பிடித்திருப்பவனுக்குச் சட்டத்தின் சாய்வு தெரியாது. அதனால் வண்டிக்காரரை எதிரே பத்தடி தள்ளி நிறுத்திக் கேட்பது அவன் வழக்கம்.

"நேரா இருக்குதா சார்?"

"எடப்பக்கம் கொஞ்சம் எறக்கு. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப நேரா இருக்குது."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. அப்புறம் கதவு மூடலைன்னு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க."

"முப்பது வருசமா ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவலூர்பேட்டை வரைக்கும் போவணும். சீக்கிரம் முடி."

போல்ட்டுகளை முறுக்கிவிட்டு அன்புச்செல்வன் அவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தான். சட்டம் இடப்பக்கம் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது. ரோட்டில் போகிற எவருக்கும் தெரிகிற கோணல்.

அவன் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"எத்தினி நாளா சார் கண்ணு இப்படி?"

ஜெயராமன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் யாரோ திண்டிவனம், திண்டிவனம் என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"தை மாசத்துலேர்ந்து" என்றார் கடைசியில். "எம்பொண்ணு மஞ்சு கிட்ட சொல்லிடாதப்பா. அதுக்குத் தெரிஞ்சா வண்டிய வித்துடும்."

அன்புச்செல்வன் ஸ்பேனரை எடுத்து, முறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான்.

"நாளைக்கு வண்டி ரெடி ஆவாது சார்."

ஜெயராமன் தலையசைத்தார். எப்போது ஆகும் என்று அவர் கேட்கவில்லை.