ஓடக்காரி திரும்பி வரவில்லை

பதினான்கு மாதமாகப் பேசாத தம்பி தன் இடது பக்கத்து நாற்காலியிலேயே வந்து உட்காருவான் என்று அக்கா நினைக்கவில்லை. அவனும் நினைத்திருக்க மாட்டான். கடைக்காரர் பிளாஸ்டிக் டப்பாவைக் குலுக்கி நீட்டினார். அவள் எடுத்த காகிதத் துண்டில் நான்கு என்று இருந்தது. அவன் எடுத்ததில் ஐந்து. அவன் துண்டைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், கடைக்காரரைப் பார்த்தான். அவளை மட்டும் பார்க்கவில்லை.

"மாத்தித் தர முடியாதுங்க," என்றார் கடைக்காரர், அவன் கேட்பதற்கு முன்னாலேயே. "டப்பா குடுத்த இடம்தான் இடம்."

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சனிக்கிழமை அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, நகக்கண்ணில் வெள்ளைத் தூளோடு அப்படியே வந்திருந்தாள். ஆட்டக் கார்டுகள் விற்று ஆட்டமும் நடத்துகிற அந்தக் கார்டுக் கடைக்குள் அவள் கால் வைத்தே ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. வியாழக்கிழமை தம்பி மனைவி போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்றும் வந்திருக்க மாட்டாள்.

"அண்ணி, திங்கக்கிழமை விடிகாலை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புறார். மூணு வருஷ ஒப்பந்தம். நடுவுல லீவு கிடையாதாம்."

"என்கிட்ட சொல்லச் சொன்னானா?"

"சொன்னா நான் ஏன் பாத்ரூம்ல நின்னு பேசுறேன்? சனிக்கிழமை கார்டுக் கடைக்குப் போவார். நீங்களும் போங்க. போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேசிடுங்க ரெண்டு பேரும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் என்கிட்டயும் பேசமாட்டார்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தாள். ஆனால் டிராஃப்ட் ஆட்டத்தில் கார்டு எடுக்கும்போது யாரும் யாரோடும் பேசக் கூடாது. அது எல்லாக் கடையிலும் உள்ள சட்டம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேர் வட்டமாக உட்காருவார்கள். ஆளுக்கு மூன்று பாக்கெட், ஒவ்வொன்றிலும் பதினைந்து கார்டு. முதல் பாக்கெட்டைப் பிரித்து, பிடித்த ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மிச்சத்தை இடது பக்கத்து ஆளிடம் நகர்த்த வேண்டும். வலது பக்கத்து ஆளிடமிருந்து உங்களுக்கு ஒரு கட்டு வரும். அதிலும் ஒன்று. இப்படியே தீரும்வரை. இரண்டாவது பாக்கெட் வலது பக்கம் போகும், மூன்றாவது மறுபடி இடது பக்கம். எடுத்ததை வைத்து ஆளாளுக்கு ஒரு கட்டு அடுக்கி, பிறகு இருவர் இருவராக மூன்று சுற்று மோதுவார்கள். மிருகக் கார்டுகளை இறக்கி, எதிராளியின் உயிர்ப் புள்ளிகளை முதலில் தீர்ப்பவர் ஜெயிப்பார். யார் எதை எடுத்தார்கள் என்பது மோதும்போதுதான் தெரியும்.

"பிரிங்க," என்றார் கடைக்காரர்.

அவள் பிரித்தாள். ஆறாவது கார்டைத் தள்ளியதும் கை நின்றுவிட்டது. ஓடக்காரி.

அபூர்வமான கார்டெல்லாம் இல்லை. நாலு பாக்கெட் பிரித்தால் ஒன்றில் இருக்கும். பலம் ஒன்று. துடுப்பு வைத்திருப்பாள், ஒரு மிருகத்தை அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவாள், பிறகு கைக்கே திரும்பிவிடுவாள். கடைசியாகக் கையில் மிஞ்சுகிற குப்பை என்று ஆடுகிற எல்லாருக்கும் தெரியும். அவர்கள் அப்பாவுக்கு மட்டும் தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டு அவர் ஆடிய காலத்தில், ஒவ்வொரு கட்டிலும் அவளைச் சேர்ப்பார். "எல்லாரும் வெட்டுறதுலயே இருந்தா எப்படி? கொண்டுபோய் விடவும் ஓர் ஆள் வேணாமா?" என்பார். தோற்பார். மறுநாளும் சேர்ப்பார்.

அக்காவும் தம்பியும் சண்டை போட்டால் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. யாருக்குச் சமாதானம் வேண்டுமோ அவர் ஓடக்காரியை மற்றவர் கார்டுக்கட்டின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். எடுத்து உள்ளே சேர்த்துக்கொண்டால் சண்டை தீர்ந்தது. திருப்பித் தள்ளினால் தீரவில்லை. ஓடக்காரி ஒரே நாளில் நாலு முறை போய் நாலு முறை திரும்பியதும் உண்டு. ஐந்தாம் முறை போனவள் திரும்பவில்லை, அதோடு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் நடந்ததற்கு அந்தக் கார்டு போதாது என்று அவளுக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். "இனிமே மூச்சு விடுறது மிஷின்தாம்மா, அவரில்ல," என்று டாக்டர் மிஷினை நிறுத்தச் சம்மதம் கேட்டுக் காகிதத்தை நீட்டினார். தம்பிக்குப் பதினோரு முறை போன் செய்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த நேரத்தில் ஏதோ கட்டடத்தில் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே ஐந்து பேர் சிக்கியிருந்தார்கள். அவன் லிஃப்ட் குழிக்குள், போன் மேலே பைக்குள். அப்பாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பார்க்கப் பொறுக்காமல் நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து மணிக்கு அவன் கிரீஸ் கையோடு ஓடி வந்தபோது அப்பா போய்விட்டிருந்தார். "ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் உன்னால இருக்க முடியல," என்றான். அதுதான் அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

இப்போது அவள் வேறு ஏதோ ஒரு கார்டைப் பார்க்காமலே உருவி எடுத்துக்கொண்டாள். ஓடக்காரியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கட்டை இடது பக்கம் நகர்த்தினாள்.

தம்பி கட்டை எடுத்தான். விரித்தான். விரித்தவன் அப்படியே இருந்தான். மற்ற ஏழு பேரும் எடுத்து முடித்துவிட்டார்கள். எதிரே கணக்கு டீச்சர் பேனாவால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்.

"அஞ்சாம் நம்பர்," என்றார் கடைக்காரர், "பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க? ஒண்ணை எடுத்துட்டு நகர்த்துங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, மிச்சத்தை அடுத்திருந்த தையல்காரரிடம் தள்ளினான்.

எதை எடுத்தான்? அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. எட்டுப் பேர், பதினைந்து கார்டு. அவள் பிரித்த கட்டு ஒரு சுற்று சுற்றி ஏழு கார்டோடு அவளிடமே திரும்பி வரும். ஓடக்காரியை எந்தப் புத்தியுள்ள ஆட்டக்காரரும் அதற்குள் தொடமாட்டார். தம்பி எடுக்கவில்லையென்றால் ஓடக்காரி அந்த ஏழில் நிச்சயம் இருப்பாள்.

கட்டு வந்தது. எண்ணினாள், ஏழு. ஒவ்வொன்றாகத் தள்ளினாள். மறுபடி முதலிலிருந்து தள்ளினாள். ஓடக்காரி இல்லை.

 குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல மேசைக்கடியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஆடியது ஆட்டமே இல்லை. இரண்டாவது பாக்கெட் சுற்றில் அவனிடமிருந்து அவளுக்கு வந்த கட்டுகளில் நல்ல கடல் மிருகக் கார்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடலைத்தான் சேர்க்கிறான் என்று புரிந்துகொண்டாள். அவளும் பாதி கடல்தான் சேர்த்திருந்தாள். மூன்றாவது பாக்கெட்டைப் பிரித்ததும் எரிதிமிங்கிலம் வந்தது. கடைக்காரரே கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிற கார்டு. அவள் கட்டுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். அதை விட்டுவிட்டு ஒரு காட்டுப்பன்றியை எடுத்துக்கொண்டு, திமிங்கிலத்தைத் தம்பியிடம் நகர்த்தினாள். இந்த முறை அவன் யோசிக்கவே இல்லை.

முதல் சுற்றில் கணக்கு டீச்சரை ஜெயித்தாள். இரண்டாவதில் ஒட்டகம் என்று எல்லாரும் கூப்பிடும் நெட்டையனை. தம்பி தையல்காரரையும் இன்னொருவரையும் ஜெயித்தான். மூன்றாவது சுற்றுக்கு இருவர் பெயரையும் கடைக்காரர் ஒரே வரியில் எழுதினார்.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காது, அவன் முகத்தில். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நீங்க முதல்ல ஆடுறீங்களா, நான் ஆடட்டுமா?" என்றான்.

நீங்க. பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்கிற குரல். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஓடக்காரி அவனிடம்தானே இருக்கிறாள், வாயால் வராததைக் கார்டால் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"நீயே ஆடுடா."

ஆடினார்கள். "உங்க முறை." "முடிச்சிட்டேன்." "அது செல்லாதுங்க, பலம் போதாது." இவ்வளவுதான் பேச்சு. தையல்காரரும் டீச்சரும் வந்து சுற்றி நின்றார்கள். அவள் காட்டுப்பன்றி மூன்று முறை முட்டியதில் அவனுக்கு உயிர் ஐந்துதான் மிச்சம். அவளிடம் இரண்டு மிருகங்கள், பலம் மூன்றும் மூன்றும். அவன் பக்கம் தடுக்க ஒன்றுமில்லை. அடித்தால் முடிந்தது.

அவள் அடிக்கவில்லை. அடித்தால் ஆட்டம் முடிந்துவிடும், அவன் ஓடக்காரியை இறக்குவதைப் பார்க்க முடியாது. அவன் அடுத்து உருவுகிற கார்டாகவே அவள் வரலாம்.

"முடிச்சிட்டேன்," என்றாள்.

டீச்சர் "அய்யோ" என்றார். தையல்காரர் அவர் முழங்கையை இடித்தார். தம்பி முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கார்டை எடுத்தான். எரிதிமிங்கிலத்தை இறக்கினான். அடுத்த முறை அது வாலைச் சுழற்றி அவள் மிருகங்களை வாரிக்கொண்டு போனது. அதற்கடுத்த முறை அவளையே.

"போன முறையே முடிச்சிருக்கலாம்," என்றான். "ஏன் அடிக்கல?"

"உனக்காகக் காத்திருந்தேன்டா."

அவன் உதடு கோணியது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"இப்ப கத்துக்கிட்டீங்களா?"

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு முழுதும் புரிந்தது. மோதி முடித்ததும் கை குலுக்குவது அந்தக் கடை வழக்கம். அவன் கையை நீட்டினான், "நல்ல ஆட்டம்" என்றான், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவன் விட்டுப்போன கட்டை அவள் புரட்டிப் பார்த்தாள். கடல், கடல், கடல். இரண்டாம் முறையும் பார்த்தாள்.

"எதைத் தேடுறீங்க?" என்றார் தையல்காரர்.

"ஓடக்காரி."

"அட, அது என்கிட்டல்ல இருக்கு!" தன் கட்டிலிருந்து உருவிக் காட்டினார். "முதல் பாக்கெட்லயே எடுத்துட்டேன். ஆட்டத்துக்கு ஆகாதுன்னு தெரியும். அந்தப் பாவாடையைப் பாருங்க, ஒரு மடிப்புத் தப்பு இருக்கா? வரைஞ்சவனுக்குத் துணி தெரிஞ்சிருக்கு. உங்க தம்பி எனக்கு நகர்த்துனதும் மேலயே இருந்துச்சு."

"மேலயேவா?"

"ஆமா, எடுத்து மேல வெச்ச மாதிரி. வேணும்னா வெச்சுக்கோங்க."

அவள் அதை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அவன் வண்டியில் உட்கார்ந்து ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். கார்டை நீட்டினாள்.

"எனக்கு வந்துச்சு," என்றான். "பாத்தேன். வேண்டாம்னுதான் நகர்த்தினேன்."

"ரொம்ப நேரம் வெச்சிருந்தியேடா."

"வெச்சிருந்தேன்." வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினான். "அன்னிக்கு லிஃப்டுக்குள்ள ஒரு பொம்பளை அழுதுட்டே இருந்துச்சு. பயப்படாதீங்கம்மா, இதோ வந்துட்டோம், இன்னும் கொஞ்ச நேரம்தான், கொஞ்ச நேரம்தான்னு ஒரு மணி நேரமா கத்திட்டே இருந்தேன். யாரோ அஞ்சு பேர்கிட்ட. அப்பாகிட்ட அதைச் சொல்ல ஓர் ஆள் இல்ல."

"அவருக்குக் கேக்காதுடா, டாக்டர்…"

"நீ சொல்லியிருந்தா உனக்காவது கேட்டிருக்கும்ல?"

நீ என்றுதான் சொன்னான். அவள் அதைக் கேட்டாள். இத்தனை மாதம் அதற்காகத்தான் ஏங்கினாள், வந்தது இந்த வாக்கியத்தில்.

அவள் விரலிலிருந்த ஓடக்காரியை அவன் ஒற்றை விரலால் மெல்ல அவள் பக்கமே தள்ளினான். சின்ன வயதில் தள்ளுவதுபோலவே. பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பினான். தெருக்கோடியில் திரும்பும்போது கையைக் காட்டிவிட்டுத்தான் திரும்பினான். அது பின்னால் வந்த லாரிக்கு.

பையை எடுக்க அவள் உள்ளே போனாள். கடைக்காரர் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாருங்க, முதல் பரிசு மூணு பாக்கெட், வாங்காமலே போயிட்டார் உங்க தம்பி. நீங்க குடுத்துடுங்க."

"குடுக்க மூணு வருஷம் ஆகும்."

"ஆகட்டுமே," என்றார் கடைக்காரர். "பிரிக்காத பாக்கெட் கெட்டா போகுது?"

அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். ஓடக்காரியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிரிக்காத பாக்கெட்டுக்குள் அவளை வைக்க முடியாது. கையிலேயே பிடித்தபடி பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.