பிரிக்காத பசை

அமெரிக்காவின் செயின்ட் கிளவுட் நகர நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை இலவசமாகப் பழுதுபார்த்துத் தருவார்கள். ஒரே நிபந்தனை, பொருளைக் கொண்டுவந்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கை கொடுக்க வேண்டும். மார்லிஸ் லிண்ட்கிரன் தன் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். திரையும் பெட்டியும் ஒன்றாகவே இருக்கும் வகை. கோடையில்தான் கர்டிஸ் என்பவனின் கடையில் அதற்குப் புது ஹார்ட் டிஸ்க் போட்டாள். அப்படியும் அது ஆமையாக ஊர்ந்தது. இப்போது உள்ளே கரகரவென்று சத்தம் வேறு. இறந்துபோன மகன் ஐஸ் ஹாக்கி ஆடிய வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருந்தன, வேறு பிரதி கிடையாது. நூலகத்தில் சொன்னபடி இன்னொரு டிஸ்கும் வாங்கி வந்திருந்தாள்.

அவளுக்குக் கிடைத்த மேசையில் லிபான் வார்சாமே என்ற சோமாலியர் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மார்லிஸ் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காசு வாங்காமல் ஒருவன் எதற்கு மெனக்கெடுவான்? எதையோ திருடத்தான் என்று முடிவே கட்டிவிட்டாள். மருமகள் சமைப்பதை மாமியார் பார்ப்பதுபோல அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரையின் விளிம்பில் இருந்த பசையை மெல்ல அறுத்தார். கண்ணாடியைத் தூக்கும்போது அவள் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். வெளியே எடுத்த டிஸ்கில் தயாரித்த ஆண்டு 2012 என்று இருந்தது.

"இது பழசு. கோடையில போட்ட புது டிஸ்க் எங்க? எப்ப மாத்தினீங்க?" என்றாள் மார்லிஸ். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லிபானின் முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் அவர் குரலை உயர்த்தவில்லை.

"உக்காந்ததுலேருந்து என் கையைத்தானே பாத்துட்டிருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, நான் எப்ப மாத்தினேன்?"

அவர் அறுத்த பசை நாடாவைக் காட்டினார். தொழிற்சாலையில் ஒட்டியது, இதுவரை யாரும் பிரித்ததே இல்லை. அதைப் பிரிக்காமல் டிஸ்கை மாற்ற வழியே கிடையாது என்றார். கர்டிஸ் காசை வாங்கிக்கொண்டு கணினியைத் திறக்கக்கூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய சர்ச்சில் பாடுகிறவன் கர்டிஸ். மூன்று நாள் கணினியை அவனிடம் விட்டிருந்தவள், கழற்றிய பழைய டிஸ்க் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லிபான் எல்லாவற்றையும் புது டிஸ்கில் நகலெடுத்தார். மகன் திரையில் சறுக்கி வந்தபோது மார்லிஸ் வாய்விட்டு அழுதாள். பழைய டிஸ்கை அவள் கையில் கொடுத்து, அதிலும் எல்லாம் இருப்பதால் அதை யாரிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்றார் லிபான்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றாள் மார்லிஸ். "அந்தக் கடைக்காரனை முகத்தைப் பாத்து நம்பினேன். உங்களை முகத்தைப் பாத்து சந்தேகப்பட்டேன். ரெண்டும் ஒரே தப்புதான். பாக்க வேண்டியது முகத்தை இல்ல, வேலையை."