பத்தடிக்குக் கீழே

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் ஆரம்பித்தது. ‘மாமா, அன்றைக்கு’ என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. கடிதம் என்றால் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டும். கதை என்றால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கலாம். அதனால் கதையாக்கினேன். என் யோக்கியதை இவ்வளவுதான். மேலே படிப்பதும் படிக்காததும் உங்கள் இஷ்டம்.

விஷயம் சின்னது. எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரி ஆழப்படுத்தினோம். மழை பெய்தது, குளம் நிரம்பியது. பதினோரே நாளில் வற்றிவிட்டது. வெயில் குடித்ததல்ல. தண்ணீர் அடி வழியாக இறங்கிப் போய்விட்டது.

2

முதல் தொடக்கம்: ‘வானம் பார்த்த அந்த மண்ணில்…’ (சே! அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: ‘பொக்லைன் ஓட்டுநர் ஒரு முரடர். யார் சொல்லையும் கேளாமல்…’

இதையும் அடித்தேன். ஊர் அவரைப் பற்றி இப்படித்தான் பேசுகிறது. அவர் என் அக்கா வீட்டுக்காரர். சேற்றில் ஓர் ஆமை கிடந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, அதைக் கரையில் விட்டு வருகிற ஆள். அவரை முரடராக எழுத எனக்கு ஒரு காரணம் இருந்தது. அது மூன்றாம் பகுதியில் வருகிறது.

3

பத்தடி ஆழத்தில் மாமா வண்டியை நிறுத்தினார். குளத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணெடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் திரித்தார். களிமண் என்றால் கயிறு மாதிரி நீளும். இது விரல் நீளம் வருவதற்குள் உதிர்ந்தது.

“பாத்துக்க மாப்ள. களி முடியப் போகுது. இதுக்குக் கீழ மணல், தண்ணி நிக்காது. இதோட விட்டுருவோம்.”

“இன்னும் ரெண்டடி இருக்கே மாமா.”

“எதுக்கு ரெண்டடி?”

குளக் கமிட்டியின் செயலாளர் நான்தான். தோண்டுவதற்கு முன்பே அறிவிப்புப் பலகை எழுதிக் கரையில் நட்டுவிட்டேன். ‘ஆழம்: பன்னிரண்டு அடி.’ மறுநாள் அதிகாரி அளக்க வருகிறார்.

“போர்டுல பன்னிரண்டுன்னு எழுதியாச்சு மாமா.”

“அட, பெயிண்டரக் கூப்பிட்டுப் பத்துன்னு மாத்தச் சொல்லு! போர்டுக்காகக் குளத்தையா மாத்துவாங்க?”

“எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க தோண்டுங்க.”*

மாமா கையிலிருந்த மண்ணை உதறினார். பிறகு ஏறி உட்கார்ந்து, குளம் முழுக்க இன்னும் இரண்டடி எடுத்தார். அதிகாரி வந்து அளந்து, சபாஷ் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

(* இந்த வரியை ‘பார்த்துச் செய்யுங்க மாமா’ என்று மூன்று தடவை மாற்றி எழுதினேன். நான் சொன்னது அதுவல்ல.)

4

குளம் வற்றியதும் ஊரே இறங்கிப் பார்த்தது. வடக்கு மூலையில் பொக்லைன் பக்கெட்டின் பல் பதிந்த ஒரு பள்ளம். “இங்கதான் குத்திக் கிழிச்சிருக்கான்” என்றார் கமிட்டித் தலைவர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்கலாம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு மாமாவை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. போன வாரம் அக்கா ஃபோன் செய்தாள்.

“ஏண்டா, சாப்பிட உக்காந்தா தட்டையே பாத்துட்டு எழுந்து போயிடறாரு. நீ கூடவே இருந்தவன்தானே? அவரு தப்புப் பண்ணாரா, இல்லையா?”

“வேலையா இருக்கேன்க்கா. அப்புறம் பேசறேன்.”

பெண்டாட்டியிடம்கூட அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

5

இன்று பத்து மணிக்குக் கூட்டம். தோண்டியெடுத்துக் கரையில் கிடக்கிற களிமண்ணையெல்லாம் வடக்கு மூலையில் கொட்டி அடைப்பதாகத் தீர்மானம் போடப்போகிறார்கள். அடைத்துப் பயனில்லை. அடி முழுவதும் மணலாகிவிட்டது. களிமண்ணை முழுக்கப் பரப்பி மிதிக்க வேண்டும். ஒரே மூலையில் கொட்டிவிட்டால் இந்த வருட மழையும் போச்சு. கிணறுகளில் இப்போதே வாளி தரை தட்டுகிறது. மாமா சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான்தான் சொல்ல வேண்டும்.

முடிவு அ: நான் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். கூட்டம் கைதட்டுகிறது. (அடித்துவிட்டேன். எனக்கென்ன கைதட்டு வேண்டிக்கிடக்கு?)

முடிவு ஆ: மாமாவே வந்து சொல்கிறார். தலைவர் என்னைப் பார்க்கிறார். நான் குனிந்து

(இதை முடிக்க முடியவில்லை.)

6

மணி ஒன்பதே முக்கால். சட்டை போட்டாகிவிட்டது. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். போகாமல் இருக்க இதுவும் ஒரு வழி என்று எனக்குத் தெரியாமலில்லை.

திரும்பி வந்து ஏழாம் பகுதி எழுதுவேனோ என்னவோ. எழுதினாலும், அதில் நான் பேசியதாக இருந்தாலும், நம்பாதீர்கள். நேரே அக்கா வீட்டுக்குப் போங்கள். மாமா உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். “என் மச்சினன் உண்மையைச் சொல்லிட்டான்” என்று அவர் சொன்னால், சரி. “நம்ம பையன்தானே, விடுங்க” என்று பேச்சை மாற்றினால், நான் இன்றும் வாய் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.