அடிமணல்

ரத்தினம்மா சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்தபடி அடுப்படிக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். வெளியே கலஹா ஊர் முழுக்க மழை. முன்னறையில் அவள் புருஷன் சந்திரகுமார் சவப்பெட்டிக்குள் கிடந்தான். நேற்றுக் காலை தேத்தண்ணியைக் கையில் வாங்கியவன், ஒரு வாய் குடிக்காமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

"அண்ணி, பால் எடுத்து வெச்சாச்சு. தாலிய கழட்டணும், வாங்க." நாத்தனாரின் குரல்.

கழற்றத் தாலி இருந்தால்தானே! கயிற்றில் தொங்கியது வெறும் மஞ்சள் துண்டு. மூன்று மாதத்துக்கு முன், கயிறு மாற்றக் கழற்றிய தாலியைப் பேப்பரில் சுற்றி வைத்தாள். பாழாய்ப்போன புத்தி, மரக்கறித் தோலோடு அதையும் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். அவனிடம் மூச்சு விடவில்லை. இப்போது தெரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? தாலியைத் தொலைத்தாள், புருஷன் போய்விட்டான் என்றுதான் சொல்லும். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

பின்கதவை யாரோ தட்டினார்கள். சந்திரகுமாரோடு குப்பை எரிக்கும் ஆலையில் வேலை செய்த ஸிபான், ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றான்.

"அக்கா, இது அண்ணன்ட லொக்கர்ல இருந்திச்சு. ஒங்கட கையிலதான் குடுக்கணும்."

திறந்தாள். சாம்பல் நிற மணல். அந்த ஆலை அடுப்பில் விறகு கிடையாது. கீழிருந்து காற்றடிக்க, பழுக்கக் காய்ந்த மணல் உலையரிசி மாதிரிக் கொதிக்கும். கண்டி, கலஹாக் குப்பையும் கழிவுச் சேறும் அதில் விழுந்து எரியும் என்று சந்திரகுமார் சொல்லியிருக்கிறான். எரியாதது அடிமணலில் தங்கிவிடும். விரலை விட்டுத் துழாவினாள். கறுத்துப்போன அவள் தாலி வந்தது.

"அவருக்கு இது எப்ப கெடச்சிச்சு?"

"ரெண்டு மாசமாச்சு அக்கா. 'அவளா சொல்லட்டும், அப்ப குடுக்குறேன்'னு வெச்சிருந்தார்."

இரண்டு மாதம்! தினமும் எதிரே உட்கார்ந்து சோறு தின்ற மனுஷன், அவள் கழுத்தைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. அப்புறம்தான் விரல் சுட்டது.

"மணல் இப்பிடிச் சுடுதே தம்பி. இப்பத்தான் அள்ளுனதா?"

ஸிபான் தரையைப் பார்த்தான். "அடுப்ப நிப்பாட்டி ஒரு கிழமையாச்சு. பஸ்ல மடியிலதான் வெச்சிட்டு வந்தேன். கலஹா கிட்டக் கிட்ட வரத்தான் சுட ஆரம்பிச்சிச்சு."

அவள் மஞ்சளை அவிழ்த்துவிட்டுத் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டாள். முன்னறைக்குப் போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். தாலி காய்ச்சல்காரன் கைபோல நெஞ்சில் கிடந்து சுட்டது. குனிந்து அவன் காதோரம் சொன்னாள்.

"நாந்தாங்க தொலச்சேன்."

நாத்தனார் கயிற்றைக் கழற்றிப் பாலில் போடப் போனவள், கையை உதறினாள்.

"என்ன அண்ணி, தாலி இப்பிடி ஜில்லுன்னு கெடக்கு?"

ரத்தினம்மாவின் நெஞ்சில் நகமளவு சிவந்திருந்தது. தலைப்பை இழுத்து அதை மூடிக்கொண்டாள்.